தண்ணீர் வடியட்டும் என்று நின்றோம்

1

ஆமாம், காரைக் கடலுக்குள் நிறுத்திவிட்டு வந்தவள் நான்தான். பரமத்தி வேலூர் பேருந்து நிலையத்து டீக்கடையிலிருந்து மல்லசமுத்திரத்தில் என் சித்தி வீட்டு அடுப்படி வரைக்கும் இந்தக் கதை ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு கதையில் நான் பாலத்திலிருந்து காரைக் கவிழ்த்தேன். இன்னொன்றில் செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சித்தி மகள் கேள்விப்பட்டதில் சுனாமியே வந்திருக்கிறது. எல்லாக் கதையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "பொம்பளை கையில வண்டியக் குடுத்தா அப்படித்தானுங்க."

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன வாரம் என் மாமனார் வேலூரிலிருந்து கூப்பிட்டார். "அம்முணி, நாந்தான் நிறுத்தச் சொன்னேன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். மருமகளக் காப்பாத்தறதுக்குச் சொல்றேங்கறானுவ. நடந்தது நடந்தபடி நீயே எழுதிப் போட்டுரு" என்றார். எழுதி எனக்குப் பழக்கமில்லை. பயப்படுவதுதான் பழக்கம். இருந்தாலும் அவர் கேட்டுவிட்டார், நடந்தும் இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது, எழுதுகிறேன்.

2

நாங்கள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி. வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகள் யாழினி, அப்போது அவளுக்குப் பதினான்கு. என் மாமனாரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். நாமக்கல்லில் லோடு ஏற்றினால் குவாஹாட்டி, கட்டாக் என்று போய் இருபது நாள் கழித்து வருவார். இந்த நாற்பது வருடத்தில் ஒரு கீறல்கூட வண்டியில் விழவில்லை என்பது அவர் பெருமை. வேலூரில் எந்த டிரைவரும் பாதையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் வந்து நிற்பான். அவர் "போ" என்றால் போவான், "நில்லு" என்றால் நிற்பான். அந்த வாக்குதான் அவருடைய சொத்து, வேறு பெரிதாக ஒன்றும் அவர் சேர்க்கவில்லை.

அத்தை இறந்து ஒரு வருடத் திதி முடிந்ததும், தனியாக இருக்கிறாரே என்று அவரை இங்கே வரவழைத்தோம். பார்வையாளர் விசா, ஆறு மாதம். அந்த விசா வாங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. திரும்பி வந்துவிடுவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்காலை விட்டுவிட்டு எந்த வேலூர்க்காரர் வெளியூரில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவார் என்று நான் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பட்டா, பாஸ்புத்தகம், கொடிக்காலின் போட்டோ எல்லாவற்றையும் வைத்து அனுப்பினேன். விசா வந்த பிறகும், விமானம் ஏறும் வரைக்கும், இறங்கி வெளியே வரும் வரைக்கும் எல்லாவற்றின் நகலையும் கைப்பையில் வைத்துக்கொண்டேதான் திரிந்தேன்.

வந்தவருக்கும் யாழினிக்கும் பேச்சில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேச வரவில்லை, அவ்வளவுதான். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். எங்களிடம் அது ஓடிவிடுகிறது, அவரிடம் எப்படி ஓடும்? "சாப்ட்டயா சாமி?" என்பார். தலையை ஆட்டுவாள். "பள்ளிக்கோடம் எப்ப தொறக்கறாங்க சாமி?" என்பார். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். அவர் என்னைப் பார்ப்பார், நான் மொழிபெயர்ப்பேன். மூன்று வாரம் இப்படியே போனது. இதில் குற்றம் என் மேல்தான். அவள் ஐந்து வயதில் பள்ளிக்குப் போனபோது, எங்கே பின்தங்கிவிடுவாளோ என்று பயந்துபோய் வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறியவள் நான். என் பயத்தால் கெட்ட காரியங்களைப் பட்டியல் போட்டால் அதுதான் முதலில் வரும்.

3

ஆகஸ்ட் விடுமுறையில் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு வாரம் வீடு எடுத்தோம். வடகிழக்குக் கரை. வயலும் ஆடும் நேராகக் கடல் வரைக்கும் வந்து நிற்கும் ஊர். வீட்டுக்காரருக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது, சனிக்கிழமை ரயிலில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றார். ஆக, நான், மாமா, யாழினி மூன்று பேரும் என் காரில் கிளம்பினோம். மாமா நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பும்போது போலீசைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று எனக்கு அது ஒரு கவலை.

எடுத்த வீட்டில் மேசைமேல் தடியாக ஒரு கோப்பு வைத்திருந்தார்கள். "பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை" என்று பக்கத்துக்குப் பக்கம் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு விடுமுறை என்றால் அப்படி ஒரு கடமை உணர்ச்சி. நானும் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிக்க ஆரம்பித்தேன்.

முதல் நாள் கடல்நாய் பார்க்கப் படகு. மாமா வேட்டிக்குமேல் ஸ்வெட்டர், அதற்குமேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாறைமேல் கொழுகொழுவென்று இருபது கடல்நாய் படுத்திருந்தன. "இதென்னுங் அம்முணி, எந்திரிக்கவே மாட்டேங்குது?" என்றார். எல்லோரும் அவை படுத்துக் கிடப்பதைப் போட்டோ எடுத்தார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் நான் ஒரு கையால் யாழினியின் சட்டையையும் இன்னொரு கையால் மாமாவின் கோட்டையும் பிடித்துக்கொண்டே இருந்ததால் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் படகுத்துறையில் நண்டு பிடிப்பது. நூலில் ஒரு துண்டு இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டால் நண்டு கவ்விக்கொண்டு வரும். வாளியில் போட்டு எண்ணிவிட்டுத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். மாமா ஒன்பது நண்டு பிடித்தார். ஒன்பதையும் திரும்ப விடச் சொன்னபோது என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "புடிச்சதத் திருப்பி உடறதுக்கு எதுக்கு அம்முணி இத்தன பாடு?" என்றார். யாழினி சிரித்தாள். அவர் சொன்னதற்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த ஊர்க் கடலே கொஞ்சம் பிடித்துப்போனது.

இடிந்த கோட்டை, பாறையோர ஒற்றையடிப் பாதை, பாறைக் குழிகளில் தங்கும் நீரில் நட்சத்திர மீன் தேடுவது எல்லாம் முடிந்தது. மிச்சம் இருந்தது தீவு.

4

கரையிலிருந்து அந்தத் தீவுக்குக் கடலுக்குள்ளேயே ஒரு தார்ச்சாலை போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் உள்வாங்கும்போது சாலை வெளியே தெரியும், அப்போது கார் போகலாம். திரும்பக் கடல் ஏறும்போது சாலை தண்ணீருக்கு அடியில் போய்விடும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை போகலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். கோப்பில் அந்தப் பக்கத்தை மட்டும் சிவப்பு எழுத்தில் அடித்திருந்தது. நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மாலை மூன்று பத்து வரை. செல்போனில் மூன்று அலாரம் வைத்தேன்.

மாமாவிடமும் விளக்கிச் சொன்னேன். "மூணு மணிக்கு மேல கடல் வந்து ரோட்டை மூடிருமுங்க மாமா."

"மூடிட்டு?"

"அப்பறம் எறங்குமுங்க."

"அதான பாத்தேன். வந்தா எறங்கித்தானே ஆகோணும்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். ஆறு மணி நேரம் கழித்துத்தான் இறங்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தீவில் நன்றாகத்தான் இருந்தது. பழைய மடாலயத்தின் சுவர்களைப் பார்த்தோம். கவிழ்த்துப் போட்ட படகுகளையே கூரையாக வைத்துக் கட்டிய கொட்டகைகளைப் பார்த்தோம். இரண்டரைக்கு முதல் அலாரம் அடித்தது. கார் நிறுத்துமிடத்துக்கு வரும் வழியில் ஒரு மனிதர் பழைய டிராக்டர் ஒன்றின் என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா நின்றுவிட்டார். கையை அசைத்து ஏதோ கேட்டார். அவரும் கையை அசைத்து ஏதோ சொன்னார். அடுத்த நிமிடம் மாமா மழைக்கோட்டைக் கழற்றி யாழினி கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு குழாயைத் தூக்கி ஊதிப் பார்க்கிறார். அந்த ஆள் "ஆ!" என்கிறார். இவரும் "ஆ!" என்கிறார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

அத்தை போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இரண்டாவது அலாரமும் அடித்தது. அதை அமர்த்திவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டும் என்று நின்றேன். வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை பயத்தை ஓரமாக வைத்தேன், அதற்குத்தான் அந்தப் பலன்.

5

மூன்றாவது அலாரமும் அடித்து, காரைக் கிளப்பும்போது மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. சாலை காய்ந்துதான் கிடந்தது. இரண்டு பக்கமும் ஈர மணல். எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்பு வண்டி மட்டும் போனது. பாதி தூரத்துக்குமேல் வந்ததும் சாலை கொஞ்சம் பள்ளமாக இறங்கும் இடத்தில் தண்ணீர் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. கணுக்கால் நனையும் அளவு, நான்கு கார் நீளம்கூட இருக்காது. சிவப்பு வண்டி சளசளவென்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது.

"நிறுத்து! நிறுத்து அம்முணி!" என்றார் மாமா.

நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும், அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஓடைமேல் போட்ட தரைப்பாலத்தில் தண்ணீர் குறுக்கே ஓடினால் என்ன செய்வோம்? நிற்போம். ஓடுகிற தண்ணீரில் வண்டியை இறக்கக் கூடாது என்பது எங்களுக்கு எழுத்துப் படிக்கும் முன்பே தெரியும். மேற்கே மழை பெய்திருக்கிறது, வெள்ளம் வந்திருக்கிறது, ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நின்றால் வடிந்துவிடும். மல்லசமுத்திரத்தில் நான் படித்த காலத்தில் பள்ளி விட்டு வரும்போது டவுன் பஸ் அப்படி நின்றுவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்ப்போம், யாராவது கடலைக்காய் கொண்டு வருவார்கள். அவசரப்பட்டு இறக்குகிறவன்தான் அடித்துக்கொண்டு போவான். நிற்கத் தெரிந்தவன் வீடு போய்ச் சேருவான். மாமாவின் நாற்பது வருடமும் அந்த ஒரு பாடத்தின்மேல்தான் நின்றது.

மாமா கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். தண்ணீரின் போக்கை ஒரு நிமிடம் கவனித்தார். "வேகமாத்தான் ஓடுது. அவன் பைத்தியக்காரன், எறக்கிட்டுப் போறான். இதுல வேகந்தான் இருக்குது, ஆழமில்ல. அரை மணி நேரத்துல வடிஞ்சிரும். என்ஜின அணைச்சிரு" என்றார்.

பின்சீட்டிலிருந்து யாழினி ஆங்கிலத்தில் கத்தினாள். "அம்மா, இது கடல் ஏறுது. இது வடியாது. இப்பவே போ, இல்லைன்னா திருப்பு!" இதைத்தான் சொன்னாள், அப்பட்டமாக, இரண்டு தடவை.

மாமாவுக்கு அவள் சொன்னது புரியவில்லை. குழந்தை பயப்படுகிறது என்று நினைத்துத் திரும்பி, "பயப்படாத சாமி, வடிஞ்சிரும்" என்றார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் புரிந்தது. அந்தக் காரில் இரண்டையும் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். நான் என்ஜினை அணைத்தேன்.

6

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தண்ணீரையே பார்த்துக்கொண்டு, வடிகிறது, வடிகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சாலையின் நடுவில் போட்டிருந்த வெள்ளைக்கோடு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. மாமாவின் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. "என்னுங் இது, மழையுமில்ல, ஒண்ணுமில்ல, ஏறுதே" என்றார்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நாங்கள் வந்த சாலையும் பளபளவென்று இருந்தது. பின்னாலும் தண்ணீர்.

என்ஜினைப் போட்டுப் பின்பக்கமாக எடுத்தேன். பதற்றத்தில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்றே தெரியவில்லை. பின்சக்கரம் சாலையின் ஓரத்தை விட்டு மணலில் இறங்கிவிட்டது. அழுத்த அழுத்த உள்ளே போனது. இது முழுக்க என் தப்பு. மாமா எதையும் மிதிக்கச் சொல்லவில்லை.

கொஞ்சம் பின்னால், சாலையோரமாக, உயரமான மரக்கால்களின்மேல் வெள்ளையாக ஒரு சின்ன அறை நின்றது. ஏறப் படிக்கட்டு இருந்தது. சிக்கிக்கொள்கிறவர்களுக்காகவே கட்டி வைத்தது, கோப்பில் படம் பார்த்திருந்தேன். "அங்கே!" என்று யாழினி கதவைத் திறந்தாள். நானும் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது, குளிர் எலும்பில் ஏறியது. சுற்றிப் போய் மாமாவின் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

அவர் அசையவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வண்டியோட இருக்கறேன். தண்ணி எறங்குனதும் எடுத்துட்டு வாரேன்."

"மாமா, இது எறங்காதுங்க. எறங்குங்க மாமா!"

"வண்டிய உட்டுப்போட்டு எறங்குனவன்னு பேரெடுக்க மாட்டேன் அம்முணி. நாப்பது வருசத்துல ஒருநா அப்படிச் செஞ்சதில்ல. ஒரிசாவுல மூணு நாளு வெள்ளத்துல வண்டி மேல உக்காந்திருந்தவன் நானு. நீ புள்ளயக் கூட்டிட்டுப் போ."

கையைப் பிடித்து இழுத்தேன். எழுபது வயதிலும் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தார். கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். "உங்க மகனுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?" என்றேன். அவர் முன்கண்ணாடி வழியாக நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மகள் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், இன்னொரு பக்கம் இவர். யாரை விட்டுவிட்டு யாரைக் காப்பாற்றுவது? மகளை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்போது பின்கதவு திறக்கிற சத்தம். யாழினி திரும்பக் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். இருக்கை பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்பாரு வரலைன்னா நானும் வரலை" என்றாள்.

தமிழில்தான் சொன்னாள். எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம். மாமா திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் போலவே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காருக்குள் பாத அளவு தண்ணீர் வந்துவிட்டிருந்தது.

மாமா இறங்கிவிட்டார். பின்கதவைத் திறந்து அவள் பெல்ட்டைக் கழற்றிக் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்தபடி தொடை வரைக்கும் தண்ணீரில் நடந்து அந்தப் படியில் ஏறினோம்.

7

உள்ளே ஒரு பலகை, சுவரில் ஒரு அறிவிப்பு, அவ்வளவுதான். என் செல்போன் எப்படியோ நனையாமல் இருந்தது. அவசர எண்ணைக் கூப்பிட்டு, "நாங்கள் பாலத்தில் மாட்டிக்கொண்டோம்" என்றேன். "எந்தப் பாலம்?" என்றாள் அந்தப் பெண். "கடல் பாலம்" என்றேன். அந்தப் பக்கத்தில் அப்படிப் பாலமே இல்லையாம். எனக்கு அந்தச் சாலையின் ஆங்கிலப் பெயர் வாயில் வரவே இல்லை. கோப்பில் அத்தனை தடவை படித்தும் வரவில்லை. கடைசியில் யாழினி போனை வாங்கி இரண்டே வாக்கியத்தில் முடித்தாள்.

படகு வரும் வரைக்கும் மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் மெதுவாக மூழ்கியது. முதலில் சக்கரம், பிறகு கதவு. மேல்கூரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. மாமா அதைப் பார்த்துப் புலம்புவார் என்று நினைத்தேன். அவர் யாழினி பக்கம் திரும்பினார்.

"சாமி, நீ அப்பவே சொன்னயா? வடியாதுன்னு?" என்று கேட்டார்.

"சொன்னேன்."

"எனக்குப் புரியலையே."

யாழினி என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானேதான் சொன்னேன். "எனக்குப் புரிஞ்சுதுங்க மாமா. நான்தான் கேக்காம உட்டுட்டேன்." அதற்கு அவர், "நீ என்ற பேச்சக் கேட்ட" என்றார்.

படகில் வந்தவர்கள் தங்கமானவர்கள். போர்வை போர்த்தி, சூடாகத் தேநீர் கொடுத்தார்கள். ஒரு அதட்டல்கூட இல்லை. மாமாதான் என் காதில், "என்ற பாஸ்போட்டுல எழுதீருவாங்களா அம்முணி?" என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான். எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. அதில் நன்னடத்தை என்று ஒரு பகுதி உண்டு. கடலில் காரை நிறுத்துவது எந்த நடத்தையில் சேரும் என்று பல நாள் யோசித்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் யாரோ தீவிலிருந்து எடுத்த போட்டோ உள்ளூர்ப் பத்திரிகையில் வந்து, வாட்ஸப்பில் ஏறி, நான் லீட்ஸ் திரும்பும் முன்பே வேலூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

8

காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய படிவத்தில், வாகனத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். இரண்டு வரியில் நான் தரைப்பாலத்தை எப்படி விளக்குவது? "தவறாகக் கணித்துவிட்டேன்" என்று எழுதினேன். மாமா அதை யாழினியிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னாள். "பொய்யி எழுதாத அம்முணி. நிறுத்துனது நானு" என்றார். பழியை நான் எடுத்துக்கொண்டால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய தப்பையும் நான் பிடுங்கிக்கொண்டது போல அவருக்கு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் பயப்பட வேண்டியதே ஆரம்பித்தது. அவர் எதையும் முடிவு செய்வதை விட்டுவிட்டார். கடைத்தெருவுக்குப் போனால் சாலை ஓரத்தில் நின்று, ஒரு வண்டியும் வராவிட்டாலும், "போலாமா சாமி?" என்று யாழினியைக் கேட்பார். அவள் "போலாம்" என்றால்தான் கால் எடுத்து வைப்பார். குடை எடுக்கட்டுமா, கதவைப் பூட்டட்டுமா, பஸ் இதுதானா, எல்லாம் அவளிடம்தான் கேள்வி. அவளும் பொறுமையாகத் தமிழில் பதில் சொன்னாள். பார்க்கிறவர்கள் பேத்தியும் பாட்டனும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள். என் வீட்டுக்காரரே சந்தோஷப்பட்டார். என்னால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. நாற்பது வருடம் மற்றவர்களுக்குப் "போ, நில்லு" என்று சொன்ன மனுசன், காலியாகக் கிடக்கிற தெருவைத் தாண்ட உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவரிடம் இருந்த ஒரே சொத்தை நான் கடலில் விட்டுவிட்டேன் என்று தோன்றியது. கார் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதேன்.

ஆறு மாதம் இருக்க வந்தவர் நான்காம் மாதமே கிளம்பிவிட்டார். ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. டீக்கடையில் டிரைவர்கள் ஏதாவது கேட்டால், "எனக்கென்னப்பா தெரியும், வேற ஆரையாச்சும் கேளு" என்று எழுந்து வந்துவிடுகிறாராம். வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் போனில் சொன்னார்.

9

போன வாரம் அவர் கூப்பிட்டார், எழுதச் சொன்னார் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். இங்கே காலை எட்டரை மணி, பள்ளி விடுமுறை, யாழினி ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவள் போனுக்குத்தான் வீடியோ அழைப்பு வந்தது. அவர் முகம் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. செம்மண் நிறத்தில், வேகமாக, ஒரு தரைப்பாலத்தின் ஓரக் கற்களையும் மூடிக்கொண்டு புரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, மோகனூர்ல ஒரு சோலியா போயிட்டுத் திரும்பி வாரேன். மேக்கால நல்ல மழையாட்டம் இருக்குது. பஸ்ஸு நின்னுருச்சு" என்றார். பின்னால் கூட்டத்தின் சத்தம். ஒரு இளம் குரல், பஸ் டிரைவராக இருக்க வேண்டும், "ஏனுங்கய்யா, நீங்க சொல்லுங்க, எறக்கலாமுங்களா?" என்று கேட்டது. வேலூர் பஸ், டிரைவருக்கு அவரைத் தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு பெண், புள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் போகோணும் என்று சொல்வதும் கேட்டது.

மாமா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. போனைத் தண்ணீருக்கு இன்னும் கிட்டத்தில் பிடித்தார்.

"போலாமா சாமி?" என்றார்.

ஒரு பஸ் நிறைய ஆட்கள். ஐயாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் வெண்ணெய்க் கத்தியோடு நிற்கிற ஒரு பெண் சொல்கிற பதிலுக்காக, எல்லாம் தெரிந்த ஒரு மனிதர் காத்துக்கொண்டு நிற்கிறார். போனைப் பிடுங்கி, "வேண்டாம் மாமா!" என்று கத்தக் கையை நீட்டினேன். யாழினி என் கையைத் தள்ளிவிட்டாள்.

அவள் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போக வேண்டாம். நில்லுங்க அப்பாரு" என்றாள். "அங்க வடியும்."

போன் கொஞ்சம் ஆடியது. பிறகு அவர் குரல் கேட்டது, எங்களிடம் இல்லை, பஸ்ஸைப் பார்த்து, பழைய குரலில், சத்தமாக: "எறக்காத! என்ஜின அணைச்சிரு. நிக்கலாம்."

அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டார் போல, தண்ணீர் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. யாழினியும் துண்டிக்கவில்லை. மேசைமேல் சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நானும் வேலைக்குக் கிளம்பாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும்.

"பாலத்துக் கல்லு தெரியுதா சாமி?" என்று அங்கிருந்து கேட்டார்.

"ஒண்ணு தெரியுதுங்க அப்பாரு" என்றாள். "இப்ப ரெண்டு."